விஷமத்துக்குப் பிறகு ஒரு கால்புள்ளி

எங்கள் ஆபீசில் ஒரு நாற்காலியின்மேல் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. அதை வைக்க வேறு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஜன்னலோரத்தில் ஒரு மேஜை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் எனக்கு எதிரே அந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியவில்லை. அதனால் நான்தான் பிரிண்டரைத் தூக்கி அதில் வைத்தேன். யாராவது கேட்டால், ஒயர் எட்டவில்லை என்று சொல்வேன்.

ஆபீஸ் என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலையாள நாட்டில், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மொழி ஆய்வுக்கென்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இதழ் கொண்டுவருகிறோம். தமிழிலும் கட்டுரை வரும், மலையாளத்திலும் வரும். எழுதினவரும் அவரைப் பிடிக்காதவரும் கட்டாயம் வாசிப்பார்கள். மற்றவர்கள் வாசிக்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. தமிழ்க் கட்டுரைகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்புவது என் வேலை. அப்போதெல்லாம் எனக்கும் அக்காவுக்கும் சேர்ந்த வேலை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னைவிட மூத்தவள், என்னைவிடச் சண்டைக்காரி. நான் அப்படியொன்றும் சாது இல்லை என்பதால், இதிலிருந்தே அவள் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

மெய்ப்புப் பார்ப்பதில் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. அவள் மூலத்தை உரக்க வாசிப்பாள். நான் அச்சுப் பிரதியில் பேனாவோடு பின்னாலேயே போவேன். வாசிப்பது என்றால் ஒன்றுவிடாமல். கால்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி திற, அடைப்புக்குறி மூடு, புதுப் பத்தி, எல்லாம் வாயால் வர வேண்டும். கீழே கண்டக்டர் விசிலடித்தால் அவள் குரலை ஏற்றுவாள். பாத்திரக் கடையில் அண்டா உருண்டால் அந்த வரியை மறுபடியும் ஆரம்பிப்பாள். எழுத்தாளர் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே சும்மா பூசி மெழுகினார் என்பதெல்லாம் காதில் விழுந்தால் தெரிந்துவிடும். கண்ணுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

போகப் போக எங்கள் பேச்சே அப்படி ஆகிவிட்டது. பஸ்ஸில் என் காதருகே, "மழை வரது கால்புள்ளி, குடை ஆத்துல கால்புள்ளி, நம்ம தலையெழுத்து முற்றுப்புள்ளி" என்பாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். சண்டை வந்தால், "உன்னோட பேச்சே கிடையாது, முற்றுப்புள்ளி" என்று எழுந்து போவாள். சாயங்காலம் கதவருகே வந்து நின்று, "அது கால்புள்ளிதான்டி, வா, பஸ் போயிடும்" என்பாள். எத்தனையோ முற்றுப்புள்ளிகளை அவள் அப்படிக் கால்புள்ளியாக மாற்றிக்கொடுத்திருக்கிறாள்.

அப்புறம் அக்காவுக்கு மூட்டுவலி வந்தது. பெங்களூரிலிருந்து மகன் வந்தான், கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, நல்ல பிள்ளை. கடைசி நாளில் கடைசிப் பக்கத்தை வாசித்தவள், கடைசிப் புள்ளியை மட்டும் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். "சுகமாடீ?" என்பாள். "சுகம்" என்பேன். "அங்கே?" என்பேன். "சுகம்" என்பாள். அதன் பிறகு அங்கே குளிரையும் இங்கே புழுக்கத்தையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். பக்கத்தில் இருந்தபோது ஒரு நாளைக்குப் பேசினதை இப்போது ஒரு மாதத்துக்கும் பேசுவதில்லை.

அவள் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. இதழாசிரியர் சார், மலையாளி, கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். "இப்போ ஏஐ இருக்கு அல்லே? ஸ்பெல்லிங் எல்லாம் அது பார்த்துக்கும்" என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. எனக்கு அதோடு பகையொன்றும் இல்லை. மேற்கோள் பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் செய்து தருகிறது. என் ஆங்கிலச் சுருக்கத்தில் நான் மாய்ந்து மாய்ந்து தேடுகிற இடைச்சொல்லை அது போகிறபோக்கில் போட்டுவிடுகிறது. சார் அதற்கு விதிமுறையும் எழுதி வைத்திருக்கிறார். எங்கே, எதற்குப் பயன்படுத்தினோம் என்று எழுதினவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் ஏஐயைக் கைகாட்டக் கூடாது, எழுதினவர்தான் பொறுப்பு. மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையை நாங்களும் அதற்குள் போடக் கூடாது. எல்லாம் சரிதான். ஆனால் அது எனக்கு எதிரே உட்கார்ந்து உரக்க வாசிக்காது.

போன மழைக்கு அப்புறம் ஒரு கட்டுரை வந்தது. பொன்முடி எஸ்டேட் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற தமிழ்ப் பெண்களின் பேச்சில் மலையாளச் சொற்கள் எப்படிக் கலந்திருக்கின்றன என்பது விஷயம். எழுதியவள் ஓர் ஆய்வு மாணவி. அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்று முன்னுரையில் இருந்தது. மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். 'வெளியிடலாம்' என்று எழுதிவிட்டார்கள். கடைசியில் நான்கு பெண்களின் பேச்சு மாதிரிகள் இருந்தன. பேச்சாளர் ஒன்று, இரண்டு என்று எண்தான், பேர் கிடையாது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, பழக்கதோஷத்தில் நானே உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். பிரிண்டரைப் பார்த்துத்தான். முதல் பேச்சாளர், 'நாங்கள் அதிகாலையில் எழுந்து தேயிலை பறிக்கச் செல்வோம்' என்றாள். இரண்டாவது, 'அந்நாட்களில் பேருந்து வசதி மிகவும் குறைவாக இருந்தது' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லயத்தில் எந்தப் பெண்ணடா 'அந்நாட்களில்' என்று பேசுவாள்? நான்கு பேர் பேச்சையும் மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்தால், மலையாளக் கலப்பைப் பற்றிய கட்டுரையின் மாதிரிகளில் மலையாளச் சொல் ஒன்றுகூட இல்லை. அடக் கண்றாவியே என்று பேனாவை வைத்தேன்.

நாலாவது பேச்சாளரிடம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. ஊரைவிட்டுப் படிக்கப் போகிற ஒரு பெண்ணிடம் அந்த அம்மாள் சொல்கிறாள்: 'நீ நகரத்திற்குச் செல்வது எனக்குக் குறும்பாகத் தோன்றுகிறது. அதில் பொருளேதுமில்லை. நீ செல்.'

குறும்பு. அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். வயதான ஒரு அம்மாள், ஒருத்தி ஊரைவிட்டுப் போகிறதைப் பார்த்துக் குறும்பு என்று சொல்வாளா?

எங்கள் ஊர்த் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, விஷமம். மதுரைக்காரரிடம் சொன்னால் பிள்ளை சுவரேறிக் குதித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். அங்கே விஷமம் என்றால் குறும்பு. இங்கே விஷமம் என்றால் துக்கம், மனசு கிடந்து சங்கடப்படுவது. பிள்ளை சுவரேறிக் குதித்தால் எங்களுக்கு விஷமம் இல்லை; பிள்ளை வளர்ந்து வெளிநாடு போனால்தான் விஷமம். அதேமாதிரி இன்னொன்று, சாரமில்ல. மலையாளத்திலிருந்து வந்து எங்கள் வாயில் தங்கிவிட்டது. பரவாயில்லை, போகட்டும், கவலைப்படாதே, எல்லாம் அதற்குள் அடக்கம். புத்தகத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குச் சாரமில்லை என்றால் சத்தில்லை, பொருளில்லை.

அப்படியானால் அந்த அம்மாள் சொன்னது இதுவாக இருக்கலாம் என்று ஒரு வாக்கியம் என் வாயில் வந்துவிட்டது. உடனே திருத்திவிடக் கையும் துறுதுறுத்தது. ஆனால் அந்தக் குரலை நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்காமல், இப்படித்தான் இருக்கும் என்று வழவழவென்று எழுதி வைத்தால், எனக்கும் அந்த ஏஐக்கும் என்ன வித்தியாசம்? பேனாவை மூடிவிட்டேன்.

கட்டுரையின் கடைசியில், விதிப்படி, வாக்குமூலமும் கொடுத்திருந்தாள்: 'இக்கட்டுரையில் செயற்கை நுண்ணறிவு மொழிநடையைச் செம்மைப்படுத்த மட்டுமே பயன்படுத்தப்பட்டது.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுரையே மொழிநடையைப் பற்றியது, அதில் மொழிநடையை மட்டும் மாற்றினேன் என்றால் மிச்சம் என்னடி இருக்கிறது? கல்யாணத்தில் மாப்பிள்ளையை மட்டும்தான் மாற்றினேன் என்பதுபோல. கொஞ்சம் காரமாகவே மெயில் அனுப்பினேன். சாரிடமும் காட்டினேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "டேட்டாவையே மாற்றியாச்சு அல்லே? ரூல் ரூல்தான். திருப்பி அனுப்பிடுங்கோ."

மறுநாளைக்கு மறுநாள் அந்த மாணவியே வந்து நின்றாள். பொன்முடியிலிருந்து இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுகளில் வாந்தியெடுத்து, முகம் வெளிறிப்போய். "டீச்சர்" என்றாள். இந்த ஊரில் பேனா பிடித்த பெண்ணெல்லாம் டீச்சர்தான். உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. வேறு வழியில்லாமல் பிரிண்டரைத் தூக்கி ஜன்னலோர மேஜையில் வைத்தேன். ஒயர் நன்றாகவே எட்டியது.

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பிறகு நாலாவது மாதிரியை அவள் முன்னால் வைத்து, "இதைச் சொன்னது யார்? அந்த அம்மாவா, ஏஐயா?" என்று கேட்டேன்.

அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "அது எங்கம்மா டீச்சர்" என்றாள்.

நான் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அவளே சொன்னாள். மற்ற மூன்று பெண்களின் பேச்சையும் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். அம்மாவுடையதை எழுத வேண்டிய நேரத்தில் அம்மா இல்லை. போன மழையில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுவருவதற்குள் போய்விட்டாள். "போனை எடுப்பேன் டீச்சர். அம்மா குரல் ஆரம்பிக்கறப்பவே ஆஃப் பண்ணிடுவேன். என்னால முடியல. அதான் அதை மட்டும் ஏஐகிட்ட கொடுத்து எழுதச் சொன்னேன். அப்புறம் நாலும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு மொத்தத்தையும் அதையே திருத்தச் சொல்லிட்டேன்."

"அது எழுதிக் கொடுத்ததை வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"அம்மா இப்படிப் பேசுவாங்களா? நகரத்திற்குச் செல்வதுன்னு?"

"வார்த்தையை மாத்தும்னு தெரியும் டீச்சர். ஆனா விஷயத்தை மாத்தும்னு நினைக்கல." தம்ளரைத் தள்ளி வைத்தாள். "பதிவு பண்ணின அன்னிக்குத் தகரத்துல நல்ல மழை. சத்தம் கேட்குதா, பதியுதான்னு நான் போனையேதான் பார்த்துட்டு இருந்தேன். அம்மா சொன்னது எதுவும் என் மண்டைல ஏறல. நான் படிக்கப் போறது அம்மாவுக்குப் பிடிக்கலையோன்னு எனக்கு எப்பவும் உள்ளுக்குள்ள ஒரு இது உண்டு. எல்லாம் விளையாட்டு, இதுல ஒண்ணுமில்ல, போன்னு சொல்லிட்டாங்கன்னு... சரி, அப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

அதைத்தான் அவள் அச்சுக்கு அனுப்பியிருக்கிறாள். அம்மா தன்னை வைததாக நினைத்து, அதை மாற்றாமல், மறைக்காமல், பேச்சாளர் நான்கு என்று எண் போட்டு. அந்தச் சொல்லை அப்போதே சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அடிப் பைத்தியமே, அது குறும்பில்லைடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. என் ஊகம் தப்பாகப் போனால்? ஒருமுறை அவள் அம்மாவின் வாயில் வேறு யாரோ வார்த்தையை வைத்தாகிவிட்டது. நானும் ஒருமுறை வைக்க வேண்டாம்.

"பதிவு இருக்கா?" என்றேன்.

"போன்ல இருக்கு."

"இங்கே ஒரு முறை உண்டு. ஒருத்தர் மூலத்தை உரக்கச் சொல்லணும், இன்னொருத்தர் அச்சுல பார்க்கணும். புள்ளி, கால்புள்ளி எல்லாம் சொல்லணும். நீ கேட்டுச் சொல்லு, நான் எழுதறேன். முடியலைன்னா நிறுத்திக்கலாம். ஆனா அதைக் கேட்காம இதை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன், திருப்பியும் அனுப்ப மாட்டேன்."

உள்ளறையிலிருந்து சார் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். முதலில் மழைதான் வந்தது. தகரக் கூரையில் கொட்டுகிற மழை, அதற்குள் எங்கேயோ ஒரு பாத்திரச் சத்தம். அப்புறம் அம்மா. கொஞ்சம் கரகரத்த, சாவதானமான குரல். பஸ்ஸைப் பற்றி, அட்டைக்கடியைப் பற்றி, பழைய சூப்பர்வைசரைப் பற்றி. அவள் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னாள், நான் எழுதினேன். மூன்றாவது வாக்கியத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே "முற்றுப்புள்ளி" என்றாள். அம்மா சூப்பர்வைசரைக் கிண்டல் பண்ணின இடத்தில் சிரித்தாள்.

அந்த இடம் வந்தது. மழை வலுத்திருந்தது. கீழே ஒரு பஸ் வேறு ஹாரன் அடித்தது. அவள் பின்னால் தள்ளி மறுபடியும் போட்டாள். போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கேட்டாள். பிறகு போனை இறக்கி, என்னிடம் சொல்கிறாளா தனக்குத்தானே சொல்கிறாளா என்று தெரியாமல், அம்மாவின் குரலிலேயே சொன்னாள்.

"நீ டவுனுக்குப் போறது எனக்கு விஷமந்தான். சாரமில்ல மோளே. நீ போ."

மோளே. மகளே என்று கூப்பிட்ட அந்த ஒரு சொல்லை, எதற்கு என்று ஏஐ விட்டேவிட்டிருந்தது.

"விஷமம்னு சொல்றாங்க டீச்சர்" என்றாள். "அம்மாவுக்கு விஷமமா இருந்திருக்கு. நான் போறது பிடிக்காம இல்ல. விஷமமா இருந்திருக்கு. இருந்தாலும் போன்னு..." மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எனக்கும் கண் மறைத்தது. எழுதினது கலைந்துவிடப் போகிறதே என்று காகிதத்தை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து, நான் எழுதியிருந்ததைப் பார்த்தாள். விஷமந்தான் என்பதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்திருந்தேன்.

"இங்க முற்றுப்புள்ளி வேண்டாம் டீச்சர். கால்புள்ளி போடுங்க. அம்மா நிறுத்தல. மூச்சு வாங்கினாங்க, அவ்வளவுதான்."

மறுபடியும் போட்டுக் காட்டினாள். ஆமாம், நிறுத்தவில்லை. மூச்சுதான். கால்புள்ளியாக மாற்றினேன்.

மற்ற மூன்று பெண்களின் பேச்சுக்கும் அவள் கையால் எழுதின பழைய பிரதி இருந்தது. அதையே போட்டோம். வாக்குமூலத்தை அவள் திருத்தி எழுதினாள்: எதை ஏஐயிடம் கொடுத்தாள், அது என்னவெல்லாம் மாற்றியது, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு எப்படி மீட்டாள் என்று ஒளிவுமறைவில்லாமல். சார் அதை வாசித்துவிட்டு, "இது கட்டுரையைவிட உபகாரமா இருக்கும், கேட்டோ" என்றார். பேச்சாளர் நான்கு தன் அம்மா என்று அவள் எழுதவில்லை. எழுத வேண்டுமென்று நாங்களும் சொல்லவில்லை.

அவளைப் பொன்முடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. பிரிண்டர் ஜன்னலோரத்தில் தன் பாட்டுக்கு இருந்தது. அதைத் தூக்கித் திரும்பவும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா அங்கே உட்கார்ந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "என்னடீ பார்க்கறே, வாசிக்கட்டுமா?" என்று கேட்க மாட்டாளா என்றிருந்தது. அந்தக் குரலில் ஒரே ஒரு பக்கம், எவ்வளவு மட்டமான கட்டுரையாக இருந்தாலும் சரி, ஒரு பக்கம் கேட்டால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நானே போனைப் போட்டேன்.

"என்னடீ, இன்னிக்கு ஞாயிறு இல்லையே" என்று பதறினாள். பிறகு வழக்கம்போல, "சுகமா?" என்றாள்.

சுகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வேறொரு சொல் முந்திக்கொண்டது. பெங்களூரில் அவளைச் சுற்றி இருக்கிற யாரிடமாவது அந்தச் சொல்லைச் சொன்னால் என்னவென்று எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. அவளுக்குப் புரியும்.

"விஷமமா இருக்குக்கா" என்றேன்.

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"முற்றுப்புள்ளியா, கால்புள்ளியாடீ?" என்றாள்.

"கால்புள்ளி."

"அப்படின்னா மேலே வாசி" என்றாள்.